அசெர்ட் இருக்கிறதே, போதாதா?

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஃபர்ம்வேர் (சிப்பை நேரடியாக இயக்கும் அடிமட்ட நிரல்) எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டாகிறது. கட்டடங்களில் பொருத்தும் சென்சார்களை இணைக்கும் கேட்வே பெட்டிதான் எங்கள் பொருள். நான்கு கோர் உள்ள ஆர்ம் சிப், மேலே லினக்ஸ், கீழே டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ என்ற திறந்த மூல ஃபர்ம்வேர். எங்கள் போர்டுக்கான மின்சக்தி நிர்வாகப் பகுதியை எங்கள் குழுவே எழுதியது. அதைப் படித்தபோது, சிபியுவைத் தூங்கவைக்கச் சொல்லி கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அனுப்பும் எண்ணிலிருந்து பவர் லெவலை, அதாவது எந்த அளவு வரை அணைப்பது என்பதை, பிரித்தெடுத்து, அதை அப்படியே ஓர் அட்டவணைக்கு இன்டெக்ஸாக (வரிசை எண்ணாக) கொடுத்திருப்பதைக் கண்டேன். அதற்கு முன்னால் ஓர் அசெர்ட் மட்டும் இருக்கிறது, ‘இது உண்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நிறுத்து’ என்னும் வரி. அதை, நிரல் ஓடும்போது எப்போதும் நடக்கும் ரன்டைம் சோதனையாக மாற்றி ரிவ்யூவுக்கு அனுப்பினேன். எங்கள் குழுத்தலைவர், ‘அசெர்ட் இருக்கிறதே, போதாதா? கேட்பது நம்முடைய கர்னல்தானே? சஸ்பெண்ட் (தூங்கவைக்கும்) பாதையில் ஒவ்வொரு வரிக்கும் நேரம் ஆகும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர் இடத்தில் எங்கள் பெட்டிகள் சில எப்போதாவது உறைந்துவிடுகின்றன. காரணம் இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் சொல்வது சரியா? இல்லையென்றால் எவ்வளவு சோதிக்க வேண்டும், அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்:

தம்பி, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். போதாது. நீங்கள் எழுதிய சோதனை உள்ளே போகத்தான் வேண்டும். ஆனால் உங்கள் அண்ணன் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அசெர்ட் நல்ல கருவி. உங்கள் நிரலில் அது தனக்குரிய இடத்தில் இல்லை.

அசெர்ட் என்பது நாம் நமக்கே கொடுத்துக்கொள்ளும் வாக்கு. ‘இந்த வரிக்கு வரும்போது இந்தப் பாயிண்டர் காலியாக இருக்காது, ஏனென்றால் அதை நிரப்பியவன் நானே’ என்று சொல்வது போல. அது பொய்த்தால் தவறு நம் நிரலில் இருக்கிறது, நாம்தான் திருத்த வேண்டும். வெளியிலிருந்து வரும் எண்ணைப் பற்றி அப்படி வாக்குக் கொடுக்க நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? அதை நிறுத்திக் கேட்கத்தான் முடியும். கேட்ட பிறகு ‘சரி, உள்ளே வா’ என்றோ ‘முடியாது’ என்றோ பதில் சொல்ல வேண்டும்.

டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏவின் பொதுவான பிஎஸ்சிஐ பகுதியை (கோர்களை இயக்கவும் அணைக்கவும் கர்னல் கேட்கும் வழி) திறந்து, பவர் ஸ்டேட்டைச் சரிபார்க்கும் சிறிய ஃபங்ஷனைப் பாருங்கள். சில வரிகளில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. கர்னல் அனுப்பிய எண்ணில் சுழியமாக இருக்க வேண்டிய பிட்டுகள் சுழியமாக இருக்கின்றனவா என்பதற்கு ‘இஃப்’. இல்லையென்றால் ‘தவறான பாராமீட்டர்’ என்று -2 திரும்பும். அதற்கு அடுத்த வரியில், சரிபார்க்கும் ஃபங்ஷனை நம் போர்டின் நிரல் பதிவுசெய்திருக்கிறதா என்பதற்கு அசெர்ட். முதலாவது வெளியாளிடம் கேட்பது. இரண்டாவது வீட்டுக்குள் சொல்வது. இந்த வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. உங்கள் அண்ணனிடமும் முதலில் இதையே காட்டுங்கள்.

இனி, வாடிக்கையாளரிடம் போகும் பெட்டியில் அந்த அசெர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏவில் அசெர்ட்டை இயக்கும் பில்ட் தெரிவு, நாம் தனியாகச் சொல்லாதவரை, டீபக் தெரிவின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். டீபக் பில்டில், அதாவது நாம் சோதித்துப் பார்க்கும் வடிவில், அசெர்ட் இருக்கும். ரிலீஸ் பில்டில், வாடிக்கையாளருக்குப் போகும் வடிவில், அந்த வரியே மறைந்துபோகும். ‘அசெர்ட் இருக்கிறதே’ என்று அவர் சொல்வது உங்கள் மேசையில் உள்ள போர்டுக்குப் பொருந்தும். கட்டடத்தின் மின்அறைக்குள் மாட்டியிருக்கும் பெட்டிக்குப் பொருந்தாது.

அப்படியானால் ரிலீஸிலும் அசெர்ட்டை இயக்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அதுவும் தீர்வாகாது. அசெர்ட் பொய்த்தால் ஃபர்ம்வேர் அங்கேயே நின்றுவிடும். கர்னல் தப்பான ஓர் எண்ணை அனுப்பியதற்காக நான்கு கோரும் செத்துப்போவானேன்? ஒரு பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்வதுதான் முறை. அசெர்ட்டை விட்டுவைத்தால், யாராவது வேண்டுமென்றே பெட்டியை நிறுத்த நினைத்தாலும் நாமே வழி செய்து கொடுத்தது போலாகும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்து ஆறாம் ஆண்டு, கிடங்குகளில் சரக்கை ஸ்கேன் செய்யும் கையடக்கக் கருவிக்கு நான் ஃபர்ம்வேர் எழுதினேன். இரவில் சார்ஜரில் வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் சில கருவிகள் எழாது. பவர் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் பயன் இல்லை, பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வரும். ஒரு பெட்டி நிறையக் கருவிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்றுகூட அப்படி நடந்துகொள்ளவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் பிடித்தது. தூக்க நிலைகளுக்கு ஃபர்ம்வேரில் நான்கு வரிசை கொண்ட அட்டவணை ஒன்று இருந்தது. எந்த இன்டரப்ட் (வன்பொருள் தரும் சைகை) வந்தால் கருவி எழலாம் என்ற மாஸ்க் (பிட்டுகளின் பட்டியல்) ஒவ்வொரு வரிசையிலும் இருக்கும். கர்னல் குழு ஐந்தாவதாக ஓர் ஆழ்ந்த தூக்க நிலையைச் சேர்த்தது. அதற்கான ஃபர்ம்வேர் மாற்றம் நிரலின் வேறொரு கிளையில் இருந்தது, அந்த வெளியீட்டில் வந்து சேரவில்லை. ஆகவே கர்னல் 4 என்ற இன்டெக்ஸை அனுப்பியது, என் நிரல் அட்டவணைக்கு வெளியே எட்டி வாசித்தது. அங்கே நினைவகத்தில் அடுத்து இருந்தது வேறு எதற்கோ வைத்த ஓர் எண்ணி. அந்த எண்ணியின் அப்போதைய மதிப்பில் பவர் பொத்தானுக்குரிய பிட் இருந்தால் கருவி எழும், இல்லையென்றால் எழாது. ஆய்வுக்கூடத்தில் டீபக் பில்டில் ஓடிய சோதனை பழைய கர்னலைக் கொண்டது, புதிய கர்னல் ஓடியதெல்லாம் ரிலீஸ் பில்டில். என் அசெர்ட் பேச வேண்டிய இடத்தில் அது இல்லவே இல்லை.

அந்தக் கிடங்கில் இரவு வேலை பார்த்தவர்கள், சாதனத்தைச் சரியாகச் சார்ஜ் போடவில்லை என்று மேலாளரிடம் ஏச்சு வாங்கினார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் எழுதாமல் விட்ட ஒரு ‘இஃப்’புக்காக. அது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

இதில் தாக்குதல் நடத்தியவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘நம்பத்தகாத’ மதிப்பு என்றவுடன் முகமூடி போட்ட ஒருவனை நினைத்துக்கொள்கிறோம். உங்கள் அண்ணனும் அதனால்தான் ‘நம்முடைய கர்னல்தானே’ என்கிறார். ‘நம்பத்தகாத’ என்ற சொல் ஆளின் குணத்தைப் பற்றியது கிடையாது. இந்த மதிப்பை நான் இன்னும் சரிபார்க்கவில்லை என்பதே அதன் பொருள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஜொகூருக்குப் போய்த் திரும்பும் சிங்கப்பூரரும் கடப்பிதழையோ கியூஆர் குறியீட்டையோ காட்டுகிறார். அவர் மேல் சந்தேகம் இருப்பதாக அதற்குப் பொருள் இல்லை. கடற்பாலத்தின் அந்தப் பக்கத்தில் பார்த்துவிட்டார்கள் என்பதற்காக இந்தப் பக்கத்தில் பார்க்காமல் விடுவதும் இல்லை.

உங்கள் விஷயத்தில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பின்னால் நடந்து பாருங்கள். லினக்ஸ் அதைக் கணக்கிட்டு எடுப்பதில்லை. போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில், தூக்க நிலைகளுக்குக் கீழே, பிஎஸ்சிஐ சஸ்பெண்ட் பாராமீட்டர் என்று யாரோ ஒருவர் தட்டச்சு செய்துவைத்த பதினறும எண் அது. வேறு போர்டின் கோப்பிலிருந்து நகலெடுத்ததாகவும் இருக்கலாம். ஒரு சுழியம் கூடினாலும் குறைந்தாலும் பவர் லெவல் மாறிவிடும். கர்னல் அதில் மேலோட்டமாகச் சில பிட்டுகளைப் பார்க்கும். உங்கள் போர்டில் எத்தனை லெவல் உண்டு என்பது அதற்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே இடம் உங்கள் நிரல்தான்.

தாக்குதலும் கற்பனை இல்லை. உங்கள் பெட்டி நெட்வொர்க்கில் இருக்கிறது. லினக்ஸில் ரூட் பிடித்தவன் கர்னலுக்குள் நுழைந்து, ஃபர்ம்வேரைக் கூப்பிடும் எஸ்எம்சி அழைப்பில் விரும்பிய எண்ணையெல்லாம் ரெஜிஸ்டர்களில் (சிபியுவின் உள் சேமிப்பிடங்களில்) போட்டு அனுப்ப முடியும். அதைப் பெறுவது இஎல்3, அந்தச் சிப்பிலேயே உச்ச அதிகாரம் உள்ள இடம். டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏவிலேயே இப்படி ஒன்று நடந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-49100 என்ற எண்ணில் பதிவானது. எஸ்டிஇஐ என்ற சேவையில், இன்டரப்ட் ஒன்றைப் பிணைக்கச் சொல்லும் அழைப்பு. எக்ஸ்1 ரெஜிஸ்டரில் வரும் இன்டரப்ட் எண்ணைப் போதிய அளவு சோதிக்காமல் அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இஎல்3 நினைவகத்தில் எல்லை தாண்டி வாசிக்க வழி பிறந்தது. வாசித்த மதிப்பு வெளியே திரும்பி வராததால் ரகசியம் கசியவில்லை, ஆனால் ஃபர்ம்வேரைச் சாய்க்க முடியும். 2.10 பதிப்பில் திருத்தினார்கள். பல நிறுவனங்களின் பொறியாளர்கள் பார்க்கும் நிரலிலேயே இது தப்பியது என்றால், நம் குழுவில் மூன்று பேர் பார்க்கும் நிரலைப் பற்றி நாம் இன்னும் அடக்கமாக இருக்க வேண்டும்.

எவ்வளவு சோதிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு மதிப்பையும் கையில் எடுத்து ‘இது என் நிரலில் எதுவாக மாறப்போகிறது?’ என்று கேளுங்கள். விடை அதிலேயே இருக்கிறது.

உங்கள் பவர் ஸ்டேட்டை எடுத்துக்கொள்வோம். பிஎஸ்சிஐயின் பழைய வடிவத்தில் பவர் லெவலுக்கு இரண்டு பிட், 24உம் 25உம். இரண்டு பிட்டில் 0 முதல் 3 வரை எழுதலாம். உங்கள் போர்டில் கோருக்கு 0, கிளஸ்டருக்கு 1, முழு சிஸ்டத்துக்கு 2 என்று மூன்று லெவல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அட்டவணையிலும் மூன்று இடம். ஆக 3 என்பது வடிவத்தின்படி முறையான எண், உங்கள் அட்டவணைக்கோ வெளியே. ‘சுழியமாக இருக்க வேண்டிய பிட்டுகள்’ சோதனையில் அது மாட்டாது, பொதுப் பகுதியைத் தாண்டி நேராக உங்கள் ஃபங்ஷனுக்கு வரும். அங்கே நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. அதே எண்ணில் கீழ் 16 பிட்டில் ஸ்டேட் ஐடி இருக்கிறது. உங்கள் போர்டு அதைப் பயன்படுத்தாவிட்டாலும் சுழியமா என்று பாருங்கள். இன்று நாம் கண்டுகொள்ளாத பிட்டுக்கு நாளை யாராவது பொருள் கொடுப்பார்கள், அப்போது பழைய கர்னல்கள் அனுப்பும் குப்பைக்கும் பொருள் வந்துவிடும்.

சிபியுவை இயக்கும் அழைப்பில் மூன்று மதிப்புகள் வருகின்றன. எந்தக் கோர் என்பதைச் சொல்லும் எம்பிஐடிஆர் முதலாவது. இதில் பலர் விழுந்த பள்ளம் ஒன்று உண்டு. கார்டெக்ஸ்-ஏ53 சிப்பில் கோரின் எண் கடைசி எட்டு பிட்டில் இருக்கும். கார்டெக்ஸ்-ஏ55 சிப்பில் அதற்கு அடுத்த எட்டு பிட்டில் இருக்கும், ஏனென்றால் கடைசி இடத்தை அங்கே திரெட்டுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பழைய போர்டின் நிரலை நகலெடுத்தால் எல்லாக் கோரும் 0 என்று தெரியும். இன்னொன்று: எம்பிஐடிஆரைக் கோர் எண்ணாக மாற்றும் ஃபங்ஷன், பொருந்தாவிட்டால் -1 திருப்பித் தரும். அதைக் குறியற்ற 32 பிட் மாறியில் வாங்கினால் 4294967295 ஆகிவிடும். ‘சுழியத்தைவிடக் குறைவா’ என்று நீங்கள் எழுதிய சோதனை ஒருபோதும் உண்மையாகாது. கம்பைலர் எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கிவைத்து, ஒன்றுவிடாமல் படியுங்கள்.

இரண்டாவது, அந்தக் கோர் எழுந்ததும் போக வேண்டிய முகவரி. அது பாதுகாப்பற்ற உலகுக்குரிய, அதாவது லினக்ஸ் ஓடும் பக்கத்துக்குரிய, டிராம் நினைவகத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் -9, ‘தவறான முகவரி’. டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ இந்தச் சோதனைக்கு ஒரு கொக்கி மட்டும் வைத்திருக்கிறது, போர்டின் நிரல் தன் ஃபங்ஷனை அதில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் பிழை எதுவும் வராது, சோதனையும் நடக்காது. உங்கள் குழு மாட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முகவரியும் நீளமும் சேர்ந்து வரும் வேறு அழைப்புகளில், இரண்டையும் கூட்டி எல்லையோடு ஒப்பிடாதீர்கள். கூட்டல் வழிந்து சிறிய எண்ணாகி, சோதனை தேறிவிடும். முகவரி எல்லைக்குள் இருப்பதை முதலில் உறுதிசெய்து, எல்லையிலிருந்து அதைக் கழித்து, மிஞ்சியதோடு நீளத்தை ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, கான்டெக்ஸ்ட் ஐடி. அதைச் சோதிக்க வேண்டாம். கர்னல் கொடுத்ததை, கோர் எழுந்ததும் அப்படியே கர்னலிடம் திருப்பிக் கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது. நாம் அதை எதற்கும் பயன்படுத்துவதில்லை. உங்கள் அண்ணன் ‘எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டே இருப்பாயா?’ என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வரம்பு மீறினால் பக்கத்தில் உள்ள சரியான மதிப்புக்கு இழுத்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 3 வந்தால் 2 என்று வைத்துக்கொள்வது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பார்க்க மென்மையான வழி போல இருக்கும். என் ஸ்கேனரில் நான் அப்படிச் செய்திருந்தால் கருவி எழுந்திருக்கும், உண்மைதான். ஆனால் கர்னலும் ஃபர்ம்வேரும் வேறு வேறு பதிப்பு என்பது யாருக்கும் தெரிந்திருக்காது, பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் தேடியிருப்போம். மறுத்துவிடுங்கள். சிபியு தூங்க அனுமதி கிடைக்கவில்லை என்றால் லினக்ஸ் விழுந்துவிடாது. விழித்தபடியே வேலையைத் தொடரும், கொஞ்சம் மின்சாரம் கூடச் செலவாகும். சிபியு-ஐடில் பகுதியில் ஒவ்வொரு தூக்க நிலைக்கும் ‘ரிஜெக்டட்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஃபர்ம்வேர் எத்தனை முறை மறுத்தது என்பதை அங்கே படிக்கலாம். தவறு கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிடுகிறது.

எப்போது சோதிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். எந்த நிலையையும் மாற்றுவதற்கு முன் எல்லா மதிப்பையும் சோதித்து முடியுங்கள். ‘இயங்கப்போகிறது’ என்று குறித்துவிட்டுப் பிறகு முகவரி தவறு என்று திரும்பினால், அந்தக் கோர் பாதி வழியில் தொங்கும். அடுத்த முறை சரியாகக் கேட்டாலும் ‘ஏற்கெனவே கேட்டாயிற்று’ என்று மறுத்துவிடும். அதே சமயம், ‘இந்தக் கோர் இப்போது அணைந்திருக்கிறதா?’ என்பது போன்ற கேள்வியை, ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் பூட்டைப் பெற்ற பிறகே கேட்க வேண்டும். இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் மூன்றாவதை எழுப்பக் கேட்டால், பூட்டுக்கு வெளியே இரண்டுமே ‘ஆம், அணைந்திருக்கிறது’ என்ற விடையைப் பெறும்.

ரெஜிஸ்டரில் வராமல் பகிர்ந்த நினைவகத்தில் வரும் செய்திகள் வேறு வகை ஆபத்து. நீங்கள் சோதித்த பிறகு, பயன்படுத்துவதற்கு முன், மறுபக்கத்தில் இன்னொரு கோர் அதை மாற்றிவிடலாம். முதலில் ஒரே முறை உங்கள் நினைவகத்துக்கு நகலெடுங்கள். சோதிப்பதும் பயன்படுத்துவதும் அந்த நகலை மட்டுமே. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிபியு குறை வெளியானபின் இன்னொரு கவலையும் சேர்ந்தது: ‘இஃப்’ முடிவாகும் முன்பே சிபியு ஊகத்தில் எல்லை தாண்டி வாசித்துவிடும். வெளியிலிருந்து வரும் இன்டெக்ஸ் ரகசியம் இருக்கும் பகுதிக்கு அருகே போகிறது என்றால், சோதித்த பிறகு அதை மாஸ்க் செய்துவிடுங்கள்.

அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் உங்கள் ஃபர்ம்வேர் மாற்றுகிறதா? நீங்கள் சொல்லவில்லை. மாற்றினால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 2017இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘கிளாக்ஸ்க்ரூ’ என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். நெக்ஸஸ் 6 கைப்பேசியில், கர்னலிலிருந்து அதிர்வெண்ணை அந்த மின்னழுத்தம் தாங்காத அளவுக்கு ஏற்றி, டிரஸ்ட்ஸோன் என்ற பாதுகாப்பான பகுதிக்குள் நடக்கும் கணக்கில் பிழை உண்டாக்கி, உள்ளே இருந்த ஏஇஎஸ் மறையாக்கச் சாவியை வெளியே எடுத்தார்கள். 2019 டிசம்பரில் வெளியான ‘பிளண்டர்வோல்ட்’ இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதி மீது மின்னழுத்தத்தைக் குறைத்து இதே வகை வேலையைச் செய்தது. அதிர்வெண் அதன் வரம்புக்குள், மின்னழுத்தம் அதன் வரம்புக்குள், இரண்டும் சேர்ந்தால் தவறு என்பது இங்கே நடக்கக்கூடியது. தனித்தனியாகச் சோதிப்பதில் பயன் இல்லை.

இதற்கு நான் விரும்பும் வழி, கர்னலிடமிருந்து மில்லிவோல்ட்டை வாங்கவே வாங்காதது. கோப்பிக் கடையில் ‘கோப்பி-ஓ கோசோங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) என்று சொல்கிறோம், எத்தனை கரண்டித் தூள், எவ்வளவு சூடு என்று சொல்வதில்லை. அடுப்புப் பக்கம் போவதும் இல்லை. அதுபோல, சிப் தயாரிப்பாளர் உறுதிசெய்த அதிர்வெண்-மின்னழுத்த ஜோடிகளின் பட்டியலை ஃபர்ம்வேர் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். கர்னல் அதில் ஓர் எண்ணைச் சொல்லட்டும். அப்போது நீங்கள் சோதிக்க வேண்டியது ஓர் இன்டெக்ஸ் மட்டும். சோதனை குறைந்து பாதுகாப்பு கூடுகிறது.

நேரம் பற்றிய கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. நான் சொன்ன ஒப்பீடுகள் எல்லாம் சேர்ந்தாலும் நானோ செகண்டுகள். ஒரு கிளஸ்டரை அணைக்க ரெஜிஸ்டர்களைச் சேமித்து, கேஷைக் காலிசெய்து, மின்சாரம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் டிவைஸ் ட்ரீயில் தூக்க நிலைகளுக்கு நுழையும் நேரம், வெளிவரும் நேரம் என்று மைக்ரோ செகண்டில் எழுதியிருப்பீர்கள். பல போர்டுகளில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். உங்கள் ‘இஃப்’பை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணன் நம்பாவிட்டால் சிபியுவின் சைக்கிள் எண்ணியை வைத்து முன்னும் பின்னும் அளந்து காட்டுங்கள்.

இப்போது, அவரிடம் எப்படிச் சொல்வது. ரிவ்யூ பெட்டியில் கருத்துக்குக் கருத்து எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லோரும் படிக்கும் இடத்தில் மூத்தவர் ஒருவர் தன் சொல்லைத் திரும்பப் பெறுவது கடினம். அங்கே நீங்கள் எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது வாதமாகவே தெரியும். ரிலீஸ் பில்ட் ஏற்றிய ஒரு போர்டைத் தயார் செய்யுங்கள். பவர் லெவல் 3 வைத்து சஸ்பெண்ட் அழைப்பை அனுப்பும் சிறிய கர்னல் மாட்யூல் ஒன்றை எழுதுங்கள், இருபது வரிதான் வரும். அண்ணனை அழைத்து, ‘இதைக் கொஞ்சம் என்னோடு பாருங்கள், எனக்குச் சரியாகப் புரியவில்லை’ என்று பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். அது நடிப்பு ஆகாது. அட்டவணைக்கு அடுத்து நினைவகத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கலாம். பிறகு அதே எண்ணை டீபக் பில்டில் அனுப்புங்கள், அசெர்ட் கத்தும். இரண்டையும் ஒரே பிற்பகலில் கண்ணால் பார்த்த பொறியாளர் எவரும் அதற்குப் பிறகு வாதம் செய்து நான் பார்த்ததில்லை.

அசெர்ட்டை அடியோடு நீக்கிவிடாதீர்கள். அவர் எழுதியது அது. உள்ளே, சோதனை தாண்டிய பிறகு, அட்டவணையைத் தொடும் ஃபங்ஷனில் அதற்கு நல்ல இடம் இருக்கிறது. அங்கே வருவதற்குள் மதிப்பு சரியாக இருக்கும் என்பது இப்போது நாம் கொடுக்கக்கூடிய வாக்கு. மாற்றத்தின் குறிப்பில் அதையும் எழுதுங்கள்.

உங்கள் நிறுவனம், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஎஸ்ஏயின் இணையப் பாதுகாப்பு முத்திரைக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருந்தால் அதையும் நினைவூட்டலாம். 2020இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நான்கு படிகள் உண்டு. நான்காவது படியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வுக்கூடம் ஊடுருவல் சோதனை நடத்தும். வெளியாள் வந்து கண்டுபிடிப்பதைவிட நாமே திருத்திவைப்பது அவருக்கும் மரியாதை. ஆனால் இதை மிரட்டலாகச் சொல்லிவிடாதீர்கள். அவரைத் தாண்டி மேலே போவதும் இப்போதைக்கு வேண்டாம். போர்டைக் காட்டிய பிறகும் மறுத்தால், நீங்கள் கண்டதையும் அவர் முடிவையும் குழுவின் இடர் பதிவேட்டில் இரண்டு வரியில் எழுதிவையுங்கள், அவருக்குத் தெரிந்தே.

உறையும் பெட்டிகளுக்குக் காரணம் இதுதானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அதை நீங்கள் கண்டறியலாம். அடிக்கடி உறையும் பெட்டிகளில் இரண்டைத் தேர்ந்து, வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, உங்கள் சோதனை சேர்த்த ஃபர்ம்வேரை ஏற்றுங்கள். இரண்டு வாரம் ஓடட்டும். பிறகு ஒவ்வொரு கோருக்கும் ஒவ்வொரு தூக்க நிலைக்கும் ‘ரிஜெக்டட்’ கணக்கைப் படியுங்கள். எல்லாம் சுழியமாக இருந்து பெட்டி மறுபடி உறைந்தால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது, கோர்களை அணைக்கும்போது பூட்டுகள் எந்த வரிசையில் விடுபடுகின்றன என்பதிலிருந்து தேடத் தொடங்குங்கள். ஏதாவது ஒரு கட்டத்தில் எண் ஏறியிருந்தால், அந்த நிலைக்குரிய டிவைஸ் ட்ரீ வரியைத் திறந்து, அதிலுள்ள எண்ணைப் பிட் பிட்டாகத் தாளில் எழுதிப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.